கொக்குச் சட்டியின் மூடி

இங்கிலாந்தில் லீக் என்ற ஊரின் மைதானத்தில் ஞாயிறுதோறும் சந்தை. கார் டிக்கியைத் திறந்துவைத்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் விற்பார்கள். அங்கே ஒரு மடக்கு மேசையில் அந்த மூடியைக் கண்டதும் மியூரியல் நின்றுவிட்டாள்.

விக்டோரியா ராணி காலத்துச் சூப்புச் சட்டி ஒன்று அவளிடம் இருந்தது. பழுப்பு மையில் அச்சு ஒற்றிய ஜப்பான் கொக்கு, மூங்கில், பாதி விசிறி. வரைந்தவன் ஜப்பானை எங்கே கண்டான், பக்கத்து ஊர்ச் சூளைக்காரன்தான். சட்டிக்கு மூடிதான் இல்லை. பதினான்கு வருடத் தேடல். அந்த மூடி இங்கே, ஓரத்தில் அதே மூங்கில் தெரிய, மல்லாந்து கிடந்து துருப்பிடித்த ஆணிகளைச் சுமந்துகொண்டிருந்தது.

ஆசைப்பட்ட பொருளைத் தொடாமல் பக்கத்திலிருப்பதை விலை கேட்பதுதான் அந்தச் சந்தை வழக்கம். மியூரியல் ஒரு பீங்கான் நாயைத் தூக்கினாள்.

"பன்னிரண்டு பவுண்டு, கண்ணு," என்றாள் கடைக்காரி பெரில்.

"பன்னிரண்டா! குரைக்குமா?"

"பத்து குடு, நானே குரைக்கிறேன்."

எட்டுக்குப் படிந்தது, பணமும் கொடுத்தாயிற்று. 'அந்த ஆணித் தட்டையும் சேத்துக் குடு' என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தொப்பிக்காரர் ஒருவர் அதை விலை கேட்டு, ஆணிகளைக் கொட்டிவிட்டு, மூன்று பவுண்டை நீட்டி, மூடியோடு நடையைக் கட்டினார்.

மியூரியல் பின்னாலேயே ஓடினாள்.

"ஐயா, நில்லுங்க! பதினாலு வருஷமா அந்த மூடிக்குத்தான் அலையறேன். என்ன வேணும்னாலும் கேளுங்க!"

வாங்க வந்தவர் வாயில் வரவே கூடாத பேச்சு. தொப்பிக்காரர் அவள் கையிலிருந்த நாயைப் பார்த்தார்.

"அப்ப அது?"

"இதுவா? பிசாசு மாதிரி முழிக்குது. எவனுக்கு வேணும்?"

"எனக்குத்தாம்மா! இதோட ஜோடி எங்க வீட்டுல தனியா உக்காந்திருக்கு. நீங்க எப்ப கீழ வைப்பீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். சும்மா நின்னா கடைக்காரி சந்தேகப்படுவாளேன்னு இந்த மூடியை விலை கேட்டேன், என் தலையில கட்டிட்டா!"

நாயும் மூடியும் அங்கேயே கைமாறின.

"நேராக் கேட்டிருந்தா பாதி விலைக்குக் குடுத்திருப்பேனே!" என்று கத்தினாள் பெரில்.

"பொய்!" என்றார்கள் இருவரும்.

மியூரியல் எந்தச் சந்தைக்கும் சட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போகிறவள். தன் கார் பானட்மேல் அதை வைத்து மூடிப் பார்த்தாள். ஆடாமல் உட்கார்ந்தது. சட்டியில் அறுந்து நின்ற மூங்கில் மூடிமேல் ஏறி இலைவிட்டது. ஓரத்தில் மட்டும் அரைவட்டமாக ஒரு வெட்டு.

"கரண்டிக்காம்பு வெளிய நீட்டிக்கிட்டு நிக்க விட்ட வழி," என்றார் தொப்பிக்காரர். "அப்ப கரண்டியும் எங்கயோ இருக்கு."

மியூரியல் அடுத்த வரிசை மேசைகளைப் பார்த்தாள்.

"வாங்க, தேடுவோம். கண்ணுல பட்டா, நீங்க பக்கத்துல இருக்கிற வேற எதையாவது விலை கேளுங்க. வாங்கித் தொலைச்சிடாதீங்க."