நூற்று முப்பது புளியங்கொட்டை

எட்டுக்கு அப்புறம் என்ன என்று கேட்டார்கள். அல்ஷிஃபாவுக்குச் சொல்ல வரவில்லை. வகுப்பில் நின்ற இடத்திலேயே யூனிபார்மை நனைத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளை, வேறென்ன செய்யும்? "ஒம்போது தெரியலை, இது மட்டும் நல்லா தெரியுதா?" என்று கேட்டாளாம் அந்த மிஸ். முப்பது பிள்ளைகளும் சிரித்தார்களாம். நல்லா இருக்கட்டும் அந்த மகராசி, அவள் வாயில் சர்க்கரையை அள்ளித்தான் போட வேண்டும்.

அன்றிலிருந்து பிள்ளை எண் என்று காதில் விழுந்தாலே நடுங்கினாள். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் தப்பா சொல்லிருவேன்" என்றாள். அதைக் கேட்ட ஷரபுன்னிசா மறுநாளே யு.கே.ஜி.யிலிருந்து மகளை நிறுத்திவிட்டாள்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த அவள் புருசன் வசீம் வீடியோ காலில் சொன்னான்: "நீ மேத்ஸ் படிச்சவதானே ஷரபு? இந்த ஒரு வருசம் நீயே வீட்ல சொல்லிக் குடு. ஒண்ணாங்கிளாஸ்ல வேற ஸ்கூல் பாத்துக்கலாம். எம்புள்ளய யாரும் சிரிக்கக் கூடாது, அவ்ளோதான்."

சொல்வது சுலபம். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் வந்தது வினை. ஷரபுன்னிசாவின் அக்கா பஸீலா, தில்லை நகரில் அபாகஸ் வகுப்பு இருக்கிறது, எதிர்வீட்டுப் பையன் கண்ணை மூடிக்கொண்டே கூட்டுகிறான் என்றாள். யாரோ பாட்டுப் பாடி எண் சொல்லும் வீடியோக்களாக அனுப்பித் தள்ளினார்கள். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஒர்க்புக் மட்டும் நாலு விதம் வாங்கினாள். உபதேசத்துக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? எதைத் திறந்தாலும் பிள்ளை முதல் பக்கத்திலேயே பென்சிலை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்துக்கு ஆனந்தவள்ளியைப் பார்க்கப் போனாள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்தவள். அம்மா மண்டபம் ரோட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனந்தவள்ளி ஒர்க்புக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். "இதெல்லாம் கட்டி பரண்ல போடுடி. எண்ணுறது எதுக்குன்னு முதல்ல அதுக்குத் தெரியணும். சும்மா ஆப்பிளை எண்ணு, ஆட்டுக்குட்டியை எண்ணுன்னா எந்தப் புள்ள எண்ணும்? அதுக்கு ஆசையா இருக்கறதை எண்ண விடு. உம்பொண்ணுக்கு எதுமேல ஆசை?"

"வேற எது மேல? அவ அத்தா மேலதான்."

"அவர் எப்ப லீவுல வரார்?"

"சரியா நாப்பது நாள் இருக்கு."

"அப்புறம் என்னடி? அதை எண்ணச் சொல்லு!"

அப்படித்தான் புளியங்கொட்டை வந்தது. வசீம் முன்பு கொண்டுவந்த டாங் ஜூஸ்பொடி பாட்டிலைக் கழுவி, அதில் நாற்பது கொட்டையைப் போட்டாள் ஷரபுன்னிசா. தினமும் காலையில் பல் விளக்கியதும் அல்ஷிஃபா ஒரு கொட்டையை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட வேண்டும். மீதியை எண்ண வேண்டும். தீர்ந்தால் அத்தா வருவார்.

முதல் வாரம் பயந்து பயந்துதான் எண்ணினாள். இரண்டாவது வாரம் அவளாகவே பத்துப் பத்தாகக் குவித்தாள். இருபது வந்தபோது, "பாதி போயிருச்சும்மா!" என்று வீட்டைச் சுற்றி ஓடினாள். பாதி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டில் காலியான அன்று பஸீலா ஆட்டோ கூட்டிவந்தாள். ஷரபுன்னிசா புதுப்புடவை கட்டினாள், பிள்ளைக்கு ஷூ மாட்டினாள், மூன்று பேரும் ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வசீம் வந்தான்.

"பூஜ்ஜியம் ஆயிருச்சு, வந்துட்டாங்க!" என்று அல்ஷிஃபா கத்திய கத்தலில் அங்கிருந்த போலீஸ்காரரே சிரித்துவிட்டார். இந்தத் தடவை சிரித்ததற்கு அவள் நடுங்கவில்லை.

ஒரு மாதம் இருந்துவிட்டு வசீம் திரும்பிப் போனான். போன மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. முப்பத்தாறு வயது. பாவி, ஒரு தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை. உடலைக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நத்தர்ஷா தர்காவுக்குப் பின்னால் இருந்த அவர்கள் சந்து வீட்டில் அழுகை இருந்தது, துவா இருந்தது, மய்யித்து மட்டும் இல்லை.

பிள்ளையிடம் பஸீலாதான் சொன்னாள்: "அத்தா அல்லாகிட்ட போயிட்டாங்கடா தங்கம்." அல்ஷிஃபா சரி என்று தலையாட்டினாள். ஷார்ஜாவும் அவள் பார்க்காத இடம், இதுவும் அவள் பார்க்காத இடம். அத்தா எப்போதும் எங்காவது போகிறவர்தானே.

ஷரபுன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். புருசன் மவுத்தானால் நாலு மாசம் பத்து நாள் பெண்டாட்டி வெளியே போகாமல், நகை நட்டு இல்லாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த நாள்களை அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது பிள்ளை வந்து மடியில் விழுந்தாள்.

"என்னம்மா எண்ணுறே?"

"நாளுடா. நூத்தி முப்பது நாள் நான் உள்ளயே இருக்கணும்."

"அது முடிஞ்சா?"

"முடிஞ்சா வெளிய போகலாம்." வேறு நினைப்பில் சொன்னாள்.

அல்ஷிஃபா ஓடிப்போய் டாங் பாட்டிலை எடுத்துவந்தாள். "நூத்தி முப்பது கொட்டை போடும்மா. நான் எண்ணுறேன்!"

அங்கேதான் ஷரபுன்னிசாவின் புத்தி தடுக்கி விழுந்தது. ஒன்பது சொல்லப் பயந்த பிள்ளை நூற்று முப்பதை எண்ணுகிறேன் என்று வந்து நிற்கிறதே, அத்தனை துக்கத்திலும் பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது. எதற்கு எண்ணுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எண்ணுவது எதற்கென்று தெரிய வேண்டும் என்று ஆனந்தவள்ளி படித்துப் படித்துச் சொன்னாளே. பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது, தாய்க்குத்தான் தெரியவில்லை.

நாள் போகப்போக அல்ஷிஃபா கணக்கில் குதிரையாக ஓடினாள். நூற்றெட்டில் மூன்று போனால் என்ன, தொண்ணூறு வர இன்னும் எத்தனை நாள், எல்லாம் சட்டென்று வந்தது. இருட்டான அந்த வீட்டில் ஷரபுன்னிசாவுக்கு இருந்த ஒரே வெளிச்சம் காலையில் கிண்ணத்தில் ஒரு கொட்டை விழும் சத்தம்தான்.

பதினொரு கொட்டை மீதி இருந்த அன்று ஆனந்தவள்ளி பார்க்க வந்தாள். ஷரபுன்னிசா அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பிள்ளை பேசுவது கேட்டது.

"இன்னும் பதினொண்ணுதான் ஆன்ட்டி. அப்புறம் பூஜ்ஜியம். அப்புறம் ஏர்போர்ட்."

"ஏர்போர்ட்டா? எதுக்குடா கண்ணு?"

"அத்தா வர்றாங்கல்ல! போன தடவை நாப்பது. இப்ப ரொம்ப தூரம் போயிருக்காங்க, அதான் நூத்தி முப்பது."

டீ கையில் கொட்டியது. சுட்டதுகூட ஷரபுன்னிசாவுக்கு உறைக்கவில்லை. ஆனந்தவள்ளி அடுப்படிக்கு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமும் செத்துப்போயிருந்தது. "நாந்தான்டி இந்த வழியச் சொன்னேன். என்னை மன்னிச்சிரு. இன்னிக்கே அவகிட்ட சொல்லிரு. இனிமே தள்ளிப்போடாதே."

"சொல்றேன்" என்றாள் ஷரபுன்னிசா.

சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்? மறுநாள் பத்தானதும், மத்தியானம் பிள்ளை தூங்கும்போது, கிண்ணத்திலிருந்து இருபது கொட்டையை அள்ளித் திரும்பப் பாட்டிலில் போட்டாள். கணக்குப் படித்த பெண், தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கள்ளக்கணக்குப் போட்டாள். இன்னும் இருபது நாளாவது அந்தப் பிள்ளைக்கு அத்தா இருக்கட்டுமே என்றுதான் போட்டாள்.

அடுத்த நாள் காலை அல்ஷிஃபா பாட்டிலைக் கவிழ்த்தாள். எண்ணினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி எண்ணினாள்.

"அம்மா, தப்பா இருக்கு. நேத்து பத்து. இன்னிக்கு ஒண்ணு எடுத்தா ஒம்போதுதானே வரணும்?"

எந்த ஒன்பதைச் சொல்லத் தெரியாமல் நனைத்துக்கொண்டு நின்றாளோ, அந்த ஒன்பது. ஷரபுன்னிசா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிள்ளை ஒன்பதை மட்டும் பாட்டிலில் போட்டுவிட்டு மீதியைக் கிண்ணத்தில் தள்ளினாள். "நான் சரி பண்ணிட்டேன்மா. நீ கவலப்படாத" என்றாள்.

ஒன்பது எட்டாயிற்று, எட்டு ஏழாயிற்று. தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். கோழை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அந்த முகத்தை அவர்கள் தினமும் காலையில் பார்க்கவில்லை.

நூற்று முப்பதாம் நாளும் வந்தது. கடைசிக் கொட்டை கிண்ணத்தில் விழுந்தது. இத்தா முடிகிறது என்று பஸீலா புதுப்புடவையோடு வந்தாள். ஷரபுன்னிசா குளித்துக் கட்டிக்கொண்டாள். தன் வீட்டுக்கு அழைத்துப் போக வாசலில் ஆட்டோவும் நிறுத்தியிருந்தாள் பஸீலா. அதே பெரியம்மா, அதே மாதிரிப் புதுப்புடவை, அதே மாதிரி ஆட்டோ. பிள்ளை வேறென்ன நினைக்கும்?

அல்ஷிஃபா தானாகவே ஷூவை மாட்டிக்கொண்டு, இடது வலது மாறியிருப்பதுகூடத் தெரியாமல், காலிப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள். "சீக்கிரம் வாம்மா! அத்தா வந்து நின்னுட்டிருப்பாங்க."

பஸீலா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பினாள். ஷரபுன்னிசா வாசற்படியில் உட்கார்ந்து மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஷிஃபா, அத்தா வர மாட்டாங்கடா."

"பூஜ்ஜியம் ஆயிருச்சேம்மா."

"ஆயிருச்சுதான். ஆனாலும் வர மாட்டாங்க. அத்தா மவுத்தாயிட்டாங்க. மவுத்தானவங்க திரும்பி வர மாட்டாங்க. எத்தனை கொட்டை எடுத்தாலும் வர மாட்டாங்க. அம்மா உங்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும். அம்மாமேலதான் தப்பு."

பிள்ளை அழவில்லை. காலிப் பாட்டிலை உற்றுப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ஒரு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய பயம் மெல்ல முகத்தில் ஏறியது.

"நான் தப்பா எண்ணிட்டேனாம்மா?"

"யா அல்லா! இல்லடி என் செல்லமே, நீ சரியாத்தான் எண்ணுனே. நீ ஒரு தப்பும் பண்ணலை."

அவள் நம்பவில்லை. ஷூவோடு உள்ளே ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கூடத்து நடுவில் கொட்டினாள். "இரும்மா. நான் இன்னொரு தடவை எண்ணுறேன். மெதுவா எண்ணுறேன்."

வெளியே ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் போகவில்லை. ஷரபுன்னிசா புதுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அல்ஷிஃபா ஒவ்வொரு கொட்டையாக விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். நடுவில் சந்தேகம் வந்தபோது ஒரு குவியலைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள். பத்துப் பத்தாகப் பதின்மூன்று குவியல். மிச்சம் ஒன்றுகூட இல்லை, குறையவும் இல்லை.

"நூத்தி முப்பது" என்றாள் நிமிர்ந்து. "சரியாத்தாம்மா இருக்கு."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.