நோன்புக்கால இறைச்சி வாசனை

"எடீ செலினே, அம்பது நோன்புல மாட்டிறைச்சி வேக வெக்கிறியே, உனக்குக் கூசலையா?" மதிலுக்கு இந்தப் பக்கம் ஏலிக்குட்டி.

"என் அடுப்பு, என் சட்டி. உங்களுக்கென்ன சேச்சி?" அந்தப் பக்கம் செலின்.

நான் மூன்றாவது வீடு. காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு நின்றேன்.

ஏலிக்குட்டி கேரளத்துப் பாலா ஊரில் எங்கள் சர்ச்சின் மாதர் சங்கத் தலைவி. ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் இறைச்சி விலக்கும் நோன்பு தொடங்கினால் படுக்கையில் கிடக்கும் மாமனார் குஞ்ஞுவறீது அப்பச்சனுக்கும் கஞ்சியும் பயறும்தான். நோயாளிக்கு நோன்பில்லை என்று டாக்டரும் சொன்னார், சர்ச் பாதிரியார் அச்சனும் சொன்னார். அப்பச்சனின் ஆயுசு முழுக்கத் தவறாத நோன்பு தன் கையால் தவறக் கூடாது என்றுவிட்டாள். செலின் புருஷனை விட்டு வந்து தனியாக இருப்பவள். அதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் பேச நிறைய இருந்தது.

வாரம் ஒரு வீடாகச் சுற்றும் எங்கள் வார்டு ஜெபக்கூட்டம் செலின் வீட்டை எப்போதும் தாண்டிப் போகும். புதிதாக வந்த அச்சன் இந்தத் தடவை அவள் பெயரையும் சேர்த்திருந்தார். அவளும் வெள்ளையடித்து, புதுத் தம்ளர்கள் வாங்கிவைத்துக் காத்திருந்தாள்.

அதற்கு முந்தைய கூட்டம் ஏலிக்குட்டி வீட்டில்; செலினும் வந்திருந்தாள். ஜெபமாலை முடிந்து பாலில்லாத கட்டன்காப்பி வந்ததும் அவள் பேச்சை எடுத்தாள்: நோன்பை முறிக்கிற வீட்டில் போய் எப்படி முழங்கால் போடுவது? எல்லோரும் தலையாட்டினோம். செலின் எழுந்து செருப்பைத் தேடினாள்.

உள்ளறையிலிருந்து அப்பச்சனின் குரல் வந்தது.

"அவளைப் போக விடாதீங்க. அந்த எறைச்சி ரசத்தைக் குடிச்சவன் நான். சன்னல் வழியாக் கேட்டு வாங்கினதும் நான்தான், யார்கிட்டயும் சொல்லாதேன்னதும் நான்தான். பசிச்சுது மோளே."

காப்பி ஆறிப்போனது.

மறுநாள் ஏலிக்குட்டி தானே இறைச்சி வேகவைத்து அப்பச்சனுக்கு ஊட்டினாள். பிறகு செலின் வீட்டு கேட்டில் போய் நின்றாள். நான் மதிலோரம் இருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"தப்பு என் மேலதான்டீ. எல்லாரையும் நானே கூட்டிட்டு வரேன்."

"அப்பச்சனுக்கு வெச்சதுன்னு தெரிஞ்சதால வர்றீங்க. நானே தின்னிருந்தா வருவீங்களா சேச்சி?"

ஏலிக்குட்டி வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை.

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப இப்பவும் வர வேண்டாம்."

ஈஸ்டர் முடிந்ததும் செலின் வீட்டை விற்றுவிட்டு வயநாட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெபக்கூட்டம் கடைசிவரை அவள் வீட்டில் நடக்கவில்லை. ஏலிக்குட்டி வேறு ஆளாகிவிட்டாள். பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் இயேசு, நாம் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறோம் என்று சங்கத்திலேயே சொல்ல, தலைவி பதவி போனது.

செலின் வீட்டை வாங்கியவர்கள் பெந்தெகொஸ்துக்காரர்கள், நகை போடாத வேறு சபை. முதல் நாளே பால் கொண்டுபோய்க் கொடுத்தது ஏலிக்குட்டி மட்டும்தான். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கழுத்திலும் ஒன்றுமில்லை, காதிலும் ஒன்றுமில்லை. நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.