எட்னாவுக்கு ஒரு கேடயம்

எங்கள் பேண்டு வாத்திய கிளப் மூன்று நாள் கடல் தாண்டி சிசிலித் தீவுக்குப் போக முடிவு செய்ததற்கு ஒரே காரணம், எதிர்த்தெரு கிளப் போன வருஷம் இரண்டு நாள் போய்வந்ததுதான். மால்ட்டாவில் ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு பேண்டு கிளப் என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் தலைவர் சில்வெஸ்ட்ரு எழுந்து நின்று திட்டத்தை வாசித்தார். முதல் நாள், ஒரு மேயருக்கு நினைவுக் கேடயம். மறுநாள், இன்னொரு மேயருக்கு இன்னொரு கேடயம். கடைசி நாள் ஒரு பேராலயத்தில் மலர்வளையம், குழுப்படம், கப்பல்.

"சுத்திப் பாக்கறது எப்போ?" என்று கேட்டாள் ஜுடிட்டா. கிளப்பின் காப்பிக் கடையை நடத்துகிறவள். பயணத்துக்கு மாக்கரோனியை மாவுக்குள் வைத்துச் சுட்டுக் கொண்டுவருகிறவளும் அவள்தான்.

"நகரசபைக் கட்டடமே பழசுதான். அதைப் பாக்கலாமே."

"நாலு தடவை உங்களோட சிசிலிக்கு வந்திருக்கேன், தலைவரே. எட்னா எரிமலையப் பாத்ததில்ல. போன தடவை மலை தெரியற பக்கமாத்தான் உக்காந்தேன். பஸ் ஜன்னல்ல உங்க கிளப் கொடியச் சாத்தி வெச்சுட்டீங்க."

"கொடி கசங்கக் கூடாதில்ல."

"குளிர்காலத்துல துணி காயப்போட மாடிக்குப் போனா, கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாத் தெரியுது. இங்க இருந்து தெரியறது, அங்க போனாத் தெரியல. இந்தத் தடவை நான் அதுமேல நிக்கணும். இல்லன்னா மாக்கரோனி கிடையாது."

"ரொட்டி வாங்கிக்கலாம்" என்றார் சில்வெஸ்ட்ரு. பெரிய மேளம் வாசிக்கும் நர்டுவின் முகம் வாடியது. "அந்த மலைல மேயர் கிடையாதும்மா. வரவேற்க ஆளில்லாத எடத்துக்கு ஒரு கிளப் எப்படிப் போகும்?"

ஜுடிட்டா கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். அவசரப்படவில்லை.

"எதிர்த்தெருக்காரங்க கேடயத்த எங்க குடுத்தாங்க?"

"மேயர்கிட்டதான்."

"அப்போ நாமளும் அதையேதான் செய்யப்போறோம். சரி. மேகத்துக்கு மேல எந்தக் கிளப் கொடியும் போனதில்லன்னு நெனச்சேன். பரவாயில்ல, விடுங்க."

சில்வெஸ்ட்ரு உட்கார்ந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"கொடி ஏறுமா அங்க?"

"பாதி தூரம் பஸ்ஸு. அதுக்கு மேல கம்பில தொங்கிட்டுப் போற வண்டி. கொடிக்கும் டிக்கெட் எடுத்துடுவோம்" என்றான் நர்டு.

முதல் மேயர் நீக்கப்பட்டார். முதல் நாள், முதல் இடம், எட்னா. தலைவருக்கு ஒரு கவலைதான் மிச்சம்.

"கேடயத்த யாராவது கையில வாங்கணுமே. மலை சார்பா யாரு?"

"நான் வாங்கிக்கறேன்" என்றாள் ஜுடிட்டா. "எங்க மாடில மாட்டிடறேன். அங்க இருந்தா மலைக்கும் தெரியும்."

சில்வெஸ்ட்ரு அப்போதே பேனாவை எடுத்து, 'மாண்புமிகு எட்னா மலை அவர்களே' என்று தன் பேச்சை எழுதத் தொடங்கிவிட்டார்.

"எழுதுங்க, எவ்வளவு வேணா எழுதுங்க" என்றாள் அவள். "ஆனா நான் கண் நிறையப் பாத்து முடிச்ச பிறகுதான் பேச்சு. அதுவரைக்கும் கொடி எனக்குப் பின்னால நிக்கட்டும்."