பெண்கள் பக்கத்தில் ஆதம் பாய்

தென்காசிக் கடைத்தெருவில் எலுமிச்சை மொத்த வியாபாரம் செய்யும் ஆதம் பாயிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கடன்கூடக் கேட்கலாம், சிரித்த முகமாக இல்லை என்று சொல்லுவார். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுதான். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பும் நேரத்தில் ‘எங்க போறிய?’ என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, கடைக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, கேட்டவனின் பரம்பரையை மனசுக்குள் விசாரித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். விவரம் தெரிந்தவர்கள் ‘தூரமோ?’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மேலகரம் போனாலும், மலை தாண்டிப் புனலூர் போனாலும் அவருடைய பதில் ‘ஆமா, தூரந்தான்.’

இதில் சகுனம் பாதி, சரக்கு பாதி. எந்தத் தோப்பின் மேல் அவருக்குக் கண் என்று வெளியே தெரிந்தால் அந்தத் தோப்பின் விலை அன்றைக்கே ஏணி வைத்து ஏறிவிடும்.

இப்படிப்பட்ட மனுஷர் இருபத்துநாலு மணி நேரமும் தான் இருக்கும் இடத்தைத் தானே பறைசாற்றிக்கொண்டு திரிந்தார் என்றால் நம்புவது கஷ்டம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் உவைஸ் லீவில் வந்தபோது, வாப்பா தனியாகத் தோப்பு தோப்பாக அலைகிறாரே என்று கவலைப்பட்டு, அவருடைய போனில் மேப்பைத் திறந்து, இருப்பிடம் வீட்டாருக்குத் தெரியும்படி வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஆதம் பாயின் தாடி வைத்த முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடைபட்டு, மனைவி சைதூன் பீவியின் போனில் ஊர்ந்தது. சோற்றை எப்போது சூடுபண்ணுவது என்று அவருக்கு அது வசதியாக இருந்தது. ஆதம் பாய்க்கும் ஆட்சேபம் இல்லை. வாய்விட்டுக் கேட்டால்தானே சகுனம், போன் எங்கே கேட்கிறது?

எதிர்க்கடை ஆவுடையப்பனுக்கும் எலுமிச்சைதான் தொழில். ஒருநாள் வட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, துக்க வீட்டுக்கு வந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். வீட்டிலே பார்த்து என்ன பாய் பிரயோஜனம், வழியில் வண்டி மறிந்தால் ஓடி வருவது நான்தானே, என்னையும் அதில் சேருங்கள் என்றார். சும்மா கொடுத்துப் பழக்கமில்லாத ஆதம் பாய், அப்படியானால் உம்முடைய வட்டம் என் போனில் தெரிய வேண்டும் என்றார். மாற்றுக்கு மாற்று. அதைச் செய்துகொடுத்தவர் முக்கிலே செல்போன் கடை வைத்திருக்கும் ஸ்டான்லி.

“பாய், வீட்டுச் சாவிய எதுத்த கடையில குடுக்கிய” என்று அவர் அப்போதே சொன்னார்.

“அவரு சாவியும் என் கையில இருக்குல்லா” என்றார் ஆதம் பாய்.

ஆதம் பாயின் கொள்முதல் முறை இப்படி. முதல் நாள் தோப்புக்குப் போவார். மரம் மரமாகப் பார்ப்பார், இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார், ‘காய் சிறுசு, சாறு கிடையாது’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்துவிடுவார். தோப்புக்காரர் சில நாள் உறக்கமில்லாமல் கிடக்க வேண்டும். பிறகு அந்த வழியாக வேறு எதற்கோ போவதுபோல் போய், வெற்றிலையில் அச்சாரம் வைத்துக் கொடுத்து முடித்துவிடுவார். வெற்றிலை கைமாறிவிட்டால் அதற்குப் பின் எவன் வந்து கூடக் கொடுத்தாலும் பேச்சு மாறாது.

முறை நல்ல முறைதான். ஆனால் அந்தச் சில நாள் இடைவெளியில் இலஞ்சித் தோப்பு கைநழுவியது. ஆவுடையப்பன் வெற்றிலை மாற்றிவிட்டதாகத் தோப்புக்காரர் சொன்னபோது ஆதம் பாய் நம்பவில்லை. அவருடைய போனில் ஆவுடையப்பனின் வட்டம் நாள் தவறாமல் கடையிலேயே அல்லவா கிடந்தது? அடுத்து சுந்தரபாண்டியபுரம். இரண்டாவது முறை அங்கே போன ஆதம் பாய், வெற்றிலைத் தட்டோடு வரப்பில் வந்த ஆவுடையப்பனை நேருக்கு நேர் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். வட்டம் தென்காசிக் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து ஸ்டான்லியிடம் விஷயத்தைச் சொன்னார். ஸ்டான்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆவுடையப்பன் சித்திரையில் ஒரு பழைய போன் வாங்கினார் என்றும், வட்டம் அதிலிருந்துதான் வருகிறது என்றும், அது அவருடைய கல்லாவை விட்டு நகர்ந்ததே இல்லை என்றும் சொன்னார். வேண்டுமானால் ரெண்டு தட்டில் அவரைக் கழற்றிவிடுகிறேன் என்றார்.

ஆதம் பாய் வேண்டாம் என்றுவிட்டார். கழற்றினால் ஆவுடையப்பன் உஷாராகி வடக்கே இருக்கிற தோப்பையெல்லாம் நேரிலேயே சலிக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிச் சலித்தால் அவர் முதலில் போய் நிற்கிற இடம் வாசுதேவநல்லூர் செண்பகவல்லி ஆச்சியின் தோப்பாகத்தான் இருக்கும். அந்தத் தோப்பும் போய்விட்டால், வாடிக்கையாக வாங்கும் புனலூர்க்காரருக்கு அனுப்பச் சரக்கு இருக்காது. புனலூர்க்காரர் ஏற்கெனவே, ‘உங்களால முடியலன்னா ஆவுடையப்பன்கிட்ட எடுத்துக்கிடுதேன்’ என்று மலையாள வாசத்தோடு சொல்லிவிட்டார். அதோடு, ஆச்சி ஒரே பேச்சில் முடிவு சொல்கிற ஆள் இல்லை. தோப்பைச் சுற்றி, விலை பேசி, வெற்றிலை மாற்றப் பகல் முழுக்க வேண்டும். அதுவரை வட்டம் வாசுதேவநல்லூரில் தெரியக் கூடாது. போனைக் கடையில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. அது ஆவுடையப்பனின் வித்தையாயிற்றே, அவருக்கே அடையாளம் தெரியாதா?

வட்டம் ஊர் சுற்ற வேண்டும், ஆதம் பாய் அதில் இருக்கக் கூடாது. அன்று சாப்பிடும்போது சைதூன் பீவியிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். நாளைக்கு என் போனை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய் வர முடியுமா?

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் குற்றாலம் கேட்டு, ஒவ்வொரு சீசனிலும் ‘வியாபார நேரம்’ என்ற பதில் வாங்கியவர் சைதூன் பீவி. சாரல் ஜன்னலில் அடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு அருவியைப் போனில் பார்த்தவர். புருஷனுக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் தலைவலி என்றார். பிறகு தங்கை ஜாஹிரா பீவி இல்லாமல் போக மாட்டேன் என்றார். பிறகு பஸ்ஸில் ஏற முடியாது, நாள் முழுக்க ஆட்டோ வேண்டும் என்றார். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான் என்று வரிசையாக ஏறிக்கொண்டே போனார். ஆதம் பாய் வழக்கம்போல் பாதிக்குக் கேட்டார்.

“அப்பம் போன நீங்களே கொண்டுக்கிட்டுப் போங்க” என்று சைதூன் பீவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கடைத்தெருவில் யாரிடமும் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்ளாத மனுஷர் அன்றைக்கு ஒத்துக்கொண்டார். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மட்டும் பேசிக்கொள்ள மறந்துவிட்டார்.

மறுநாள் ஆதம் பாய் முண்டாசு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வடக்கே போனார். அவருடைய வட்டம் ஆட்டோ ஏறி மேற்கே போனது. அதைப் பார்த்த ஆவுடையப்பனுக்கு ஒரு கணக்கு ஓடியது. சீசன் நேரத்தில் செண்பகவல்லி ஆச்சி குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்குவது வழக்கம் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். பாய் அங்கேயே போய் முடிக்கப் பார்க்கிறார்! வெற்றிலைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அங்கே நடந்ததைச் சைதூன் பீவி பிற்பாடு பல வீடுகளில் நடித்தே காட்டினார். சாரலில் நனைந்துகொண்டு எண்ணெய்க் கடைகளையும் லாட்ஜுகளையும் தாண்டி வட்டத்தின் பின்னாலேயே வந்த ஆவுடையப்பன், அது மெயின் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குள் நுழைந்து நின்றுவிட்டதைப் பார்த்துத் திகைத்துப்போனார். போனை உதறிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். தடுப்புக் கம்பிக்கு மேலே எக்கியும் பார்த்தார். தோளில் ஒரு தட்டு விழுந்தது. திரும்பினால் மழைக்கோட்டு போட்ட பெண் போலீஸ்.

“அண்ணாச்சி, ஆம்பளைங்க பக்கம் அங்கன. இங்கன என்னத்த எட்டி எட்டிப் பாக்கிய?”

“எங்க தெரு பாய் ஒருத்தரு உள்ள இருக்காரும்மா.”

“லேடீஸ் பக்கத்துலயா?”

“இந்தா பாருங்க, வட்டம் அங்கனதான காட்டுது.”

அந்த அம்மாள் போனை வாங்கி, தாடி முகத்தையும் அருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். தாடி வைத்த ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறாராம் என்று சேதி பரவி, குளித்துக்கொண்டிருந்த பெண்களுக்குள் ஒரே கூச்சல். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி சைதூன் பீவி வெளியே வந்தார். கழுத்தில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை, பைக்குள் போன்.

“அண்ணாச்சி, இவுகளையா தேடுதிய?” என்று பையைத் தூக்கிக் காட்டினார். “இந்தா, கழுத்துல தொங்குதாக.”

போலீஸ்கார அம்மாளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. குத்தாலத்துக்கு வந்தால் குளிக்க வேண்டும், குளிக்காமல் நின்று பார்க்கிறவனைத்தான் நான் சந்தேகப்படுவேன் என்று சொல்லி, ஆவுடையப்பனை ஆண்கள் பக்க வரிசையில் கொண்டு நிறுத்தினார். சட்டை வேட்டியோடு, வெற்றிலைக் கட்டோடு, அருவி அவர் தலையில் இறங்கியது.

வாசுதேவநல்லூரில், அந்த சீசனுக்குக் குற்றாலம் போகாமல் தோப்பிலேயே இருந்த ஆச்சியிடம், ஆதம் பாய்க்கு அவ்வளவு சுலபமாக இல்லை. பேரம் முறுகும் நேரத்தில் போனைக் காதில் வைத்து, ‘என்னது, புனலூர்ல விலை இறங்கிட்டா?’ என்று தனக்குத்தானே பேசிக்கொள்வது அவருடைய பழைய ஆயுதம். அன்றைக்கு இடுப்பில் கை வைத்தால் துண்டுதான் வந்தது. போன் எங்கே என்று ஆச்சி கேட்டதற்கு, குளிக்கப் போயிருக்கு என்று உண்மையைச் சொன்னார். ரெண்டு பிள்ளைகளைப் போலீஸ் வேலைக்கு அனுப்பிய ஆச்சி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, விலையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நினைத்ததைவிடச் சற்றுக் கூடத்தான் ஆனது. ஆனாலும் வெயில் தாழ்வதற்குள் வெற்றிலை கைமாறியது.

பசியும் வெற்றியுமாக வீட்டுக்கு வந்தால் பூட்டுத் தொங்கியது. ஸ்டான்லி கடைக்குப் போய் அவருடைய போனிலிருந்து தன் நம்பருக்கு அடித்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மனைவியின் நம்பருக்கு அடிக்கலாம் என்றால் அது அவருக்குத் தெரியாது, போனுக்குத்தான் தெரியும். சைதூன் பீவி எங்கே இருக்கிறார் என்று தென்காசியில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான்.

ஆவுடையப்பன் தலையில் துண்டோடு, மூக்கைச் சிந்திக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். ஆதம் பாய் போய் எதிரே நின்றார்.

“வே, என் வட்டம் எங்கன நிக்கின்னு பாத்துச் சொல்லும்.”

“சும்மாவா?” என்றார் ஆவுடையப்பன். “இன்னைக்கு எங்க போனீருன்னு சொல்லும். காட்டுதேன்.”

“வாசுதேவநல்லூரு. வெத்தலை மாத்தியாச்சு.”

ஆவுடையப்பன் ஒரு தும்மல் போட்டார். “ஆச்சி தோப்பா?”

“ஆச்சி தோப்பு.”

“நல்ல காய் வே” என்றார் ஆவுடையப்பன், தோற்றவன் சொல்ல வேண்டிய மரியாதைக்கு. பிறகு போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். தாடி முகம் செங்கோட்டை தாண்டி ஒரு பரோட்டாக் கடையில் நின்றது.

ஆதம் பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வாடகையும், ரெண்டு பேருக்குக் கோழியும் அவர் முகத்தில் ஓடின. ஆவுடையப்பன் எழுந்து பைக் சாவியை எடுத்தார். ஈர உடம்புக்குச் சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும், உமக்கும் பசி, வாரும் என்றார். பரோட்டா உம்ம கணக்கு என்பதையும் ஏறும்போதே பேசிவிட்டார். ஆதம் பாய் பின்னால் தொற்றிக்கொண்டார்.

எதிர்க்கடையும் எதிர்க்கடையும் ஒரே வண்டியில் போவதைப் பார்த்த ஆச்சரியத்தில் ஸ்டான்லி வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“எங்க போறிய, ரெண்டு பேரும்?”

பைக் அணைந்தது. ஆதம் பாய் இறங்கினார். ஆவுடையப்பனும் ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். என்ன இருந்தாலும் அவரும் வியாபாரி அல்லவா. ரெண்டு பேரும் கடைக்குள் போய் அருகருகே உட்கார்ந்து, ஒரே செம்பில் ஆளுக்கு ஒரு மடக்காகத் தண்ணீர் குடித்தார்கள். ஆவுடையப்பன் மேஜை மேல் எடுத்து வைத்த போனில் வட்டம் மறுபடி நகர ஆரம்பித்திருந்தது. தென்காசிப் பக்கமாக இல்லை.