குவாரி லேனில் நான் தட்டாத கதவுகள்

இமோஜனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவள் வேஷம் போட்டேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் கட்சிக்குத் துண்டறிக்கை போட்டவள் நான். கதவில் இருக்கும் தபால் துவாரத்தில் கையை விட்டு இரண்டு முறை நாய்க்கடி வாங்கியிருக்கிறேன். நாடாளுமன்ற வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் என்னை ஒன்பது ஓட்டில் தோற்கடித்தவள், லண்டனிலிருந்து ரயிலேறி வந்த முப்பத்துமூன்று வயது இமோஜன் டாரன்ட். அழகான பல்வரிசை. கூட்டம் முடிந்ததும் கிளைத் தலைவர் ராய்ஸ்டன் என்னைத் தனியே அழைத்தார்.

"மனச விட்டுடாத க்ளெனிஸ். இவ தோத்தா அடுத்த தடவ நீதான். நான் பாத்துக்கறேன்."

ஆறுதலுக்குச் சொன்னார். அன்றிலிருந்து அவள் தோற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

வீடு வீடாகப் போய், யார் நமக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். குவாரி லேன் குடியிருப்பில் நான் கேட்டால் பத்து வீட்டுக்கு இரண்டு வீடுதான் தலையாட்டும். இமோஜன் ஒரே வாரம் போனாள். நூற்று முப்பது வீடுகளுக்கு நேரே 'நம்மவர்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எவ்வளவு அன்பா பேசினாங்க தெரியுமா! ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லல க்ளெனிஸ்."

"உன் மூஞ்சியப் பாத்து யாரும்மா முடியாதுன்னு சொல்லுவாங்க?" என்றேன். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

வாக்குப்பதிவு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. அன்றைக்கு எங்கள் வேலை, 'நம்மவர்' என்று குறித்த வீடுகளில் மட்டும் கதவைத் தட்டி, இன்னும் ஓட்டுப் போடாதவர்களைக் கிளப்பி அனுப்புவது. குவாரி லேன் தாளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தெருமுனையில் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. ஒரு கிழவர் குப்பைத்தொட்டியை வெளியே வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போனார். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓட்டுப் போடப் போயிருப்பார். எனக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் வரவில்லை, பசிதான் வந்தது. கொண்டுபோயிருந்த சீஸ் சாண்ட்விச்சைத் தின்றேன். எல்லா வீட்டுக்கும் 'தட்டியாயிற்று' என்று குறியிட்டேன்.

கட்சி அலுவலகத்தில் இமோஜன் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த மழையில குவாரி லேன் முழுக்கத் தனியாவா போனீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

தனக்கு வைத்திருந்த டீயை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். அதைக் குடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்தேன்.

எங்கள் தொகுதியில் வெள்ளிக்கிழமை காலைதான் எண்ணுவார்கள். விளையாட்டரங்கத்தில் ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டி, சீட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது, எந்தப் பேட்டை யாருக்குப் போட்டது என்று கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொள்வோம். என் பக்கத்தில் டெஸ்மண்ட். எதிர்க்கட்சியில் என்னைப் போலவே தலை நரைத்தவர்.

குவாரி லேன் பெட்டியைக் கொட்டினார்கள். எங்களுக்கு ஒரு கோடு போட்டால் அவர்களுக்கு நாலு போட வேண்டியிருந்தது. என் பேனா நின்றுவிட்டது.

"நூத்தி முப்பது வீடு எங்களுக்குன்னு சொல்லியிருந்தாங்களே" என்றேன்.

டெஸ்மண்ட் சிரித்தார். "உங்க வேட்பாளர் பொண்ணு வாசல்ல நின்னா நகரவே மாட்டேங்குதாம். டீ ஆறிப்போகுதுன்னு எல்லாரும் சரி சரின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அத்தனையும் எங்க ஆளுங்க. நேத்து மழைக்குப் பாதிப்பேர் வெளிய தலகாட்டல, கிளப்பிவிட எங்களுக்கும் ஆள் இல்ல. எவனாச்சும் போய்க் கதவத் தட்டியிருந்தா இந்தத் தொகுதி எங்களுதுதான்."

இமோஜன் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

தொலைக்காட்சியில் வரி என்றார்கள், ஆஸ்பத்திரி வரிசை என்றார்கள், தலைவரின் ஆளுமை என்றார்கள். குவாரி லேன் என்று யாரும் சொல்லவில்லை. மேடையில் இமோஜன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "கொட்டற மழையில குவாரி லேன்ல ஒவ்வொரு கதவா தட்டினாங்க நம்ம க்ளெனிஸ். இந்த வெற்றி அவங்களோடது" என்றாள். கூட்டம் கைதட்டியது. டெஸ்மண்ட் மட்டும் தட்டவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தெருவில் உன்னை எவருக்கும் பிடிக்கவில்லையடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதிருந்தாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற தேர்தல்லயும் குவாரி லேன் உங்களுக்குத்தான் க்ளெனிஸ். வேற யாருக்கும் தரமாட்டேன்."

எனக்கு வயது ஐம்பத்தொன்பது. "சரிம்மா" என்றேன்.