இடது மூலைப் புள்ளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் கணவர் ஜோசப்ராஜ் ஐந்து புள்ளிகளையும் சுட்டார். திரையின் நான்கு மூலைகளில் நான்கு, நடுவில் ஒன்று. ஐந்தும் பச்சையாயின. துப்பாக்கி முனையை வாயருகே கொண்டுபோய், இல்லாத புகையை ஊதினார். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சர்ச்லேர்ந்து வந்ததும் வராததுமா சுட்டுகினு இருக்கீங்களே" என்றேன்.

"பாவமன்னிப்பு கேட்டாச்சு இல்ல டீச்சர். இனிமே புதுசா ஆரம்பிக்கலாம்." நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர்; வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கூடத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற அந்த வீடியோ கேம் பெட்டியை அவரே பிளைவுட்டில் செய்திருந்தார். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. துப்பாக்கி மட்டும் தபாலில் வந்தது. ஆரஞ்சு நிறம். அதன் மூக்கில் ஒரு சின்னக் கேமரா. திரையைச் சுற்றி ஒட்டிய வெள்ளைப் பட்டையைப் பார்த்துத்தான் தான் எங்கே குறிவைக்கிறோம் என்று அதற்குத் தெரியும். வெயில் பட்டால் குழம்பிவிடும் என்று சொல்லியிருந்தார்.

ஆரணியில் பட்டுத் தறிகளின் மேல் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சேலைக் கரையில் பூ கோணினால் முதலாளிகள் முதலில் நெய்கிறவரைத்தான் திட்டுவார்கள். இவர் விடமாட்டார். ஆளை அப்புறம் பேசலாம், முதலில் மிஷினைப் பாருங்கள் என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எனக்கு அதில் பெருமை உண்டு.

பத்தரைக்கு மேலே இடது மூலைப் புள்ளியை அவர் சுடவில்லை. சமையலறை வாசலிலிருந்தே அது மினுக்குவது எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் மேலே என்றேன். அங்கே ஒன்றுமே வரவில்லையே என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு வெயில்தான் காரணம் என்று அவரே முடிவு செய்து, ஜன்னலைச் சாத்தி அதன்மேல் போர்வையைக் கட்டச் சொன்னார். கட்டினேன். வெள்ளைப் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினார். ஒயரை மாற்றினார். கடைசியில் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நிற்கவைத்தார். அதற்கு முன் நான் அதைத் தொட்டதே இல்லை. ஐந்தும் பச்சையாயின.

"ஆள் பாத்து வேலை செய்யுது. பேஜாரு புடிச்ச மிஷின்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "மிஷின் நல்லாத்தான் கீது. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு" என்று சிரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டார். தட்டின் இடது பக்கம் வைத்த பீன்ஸ் பொரியல் அப்படியே இருந்தது. பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, நீ வைக்கவே இல்லையே என்றார். நான் இன்னொரு கரண்டி வைத்தேன். சோற்றுக்கு வலது பக்கம். அதைச் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு இடது கை நழுவி, துப்பாக்கி கீழே விழுந்தது. அவரும் பெட்டியின் மேல் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எதிர்வீட்டுத் தமிழ்செல்வன் காரை எடுத்தார். கண்ணமங்கலம் தாண்டும்போது இவர் குழறியபடி என்னவோ சொன்னார். குனிந்து கேட்டேன். "கேமராவ தொடச்சிப் பாரு" என்றார்.

வேலூரில் ஆஸ்பத்திரிக்குள் போனபோது மூன்றரை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். இரண்டு மணி வரைக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார். மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குமேல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்றார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால் தாண்டியிருந்தது.

"ரெண்டு மணிக்கு முன்னாடி எதுவும் வித்தியாசமா இல்லையேம்மா? நல்லா யோசிச்சி சொல்லுங்க."

இல்லை என்று சொன்னால் ஊசி போடுவார்கள். அந்தப் பொரியல் என் கண் முன்னால் வந்தது.

"பத்தரையிலேர்ந்து இடது பக்கம் சுடல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. துப்பாக்கி, புள்ளி, போர்வை, பீன்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் போனார். அவரும் வந்து என்னிடம் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். ஊசி போடவில்லை.

புதன்கிழமை விடியும்போது இறந்துவிட்டார்.

உண்மையைத்தானே சொன்னீர்கள் என்று தமிழ்செல்வன் சொல்கிறார். ஆமாம். ஆனால் பத்தரைக்கு அந்த உண்மை என் கண் முன்னால் மினுக்கியது. நான் ஜன்னலில் போர்வை கட்டிக்கொண்டிருந்தேன்.

போர்வையை இன்னும் அவிழ்க்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைப் போட்டு, டேப் ஒட்டிய இடத்தில் நின்று சுடுகிறேன். மிஷினில் எந்தக் கோளாறும் இல்லை. இடது மூலைப் புள்ளி முதல் சூட்டிலேயே பச்சையாகிறது.