நாலாவது பிளக்குக்குப் போணி

செம்பாக்கத்தில் சிட்டிபாபுவின் ஹார்டுவேர் கடையை ஒட்டிய மனையில், கரண்டு வண்டிகளுக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டிகள் நாலு நிற்கின்றன. மூன்றில் பழைய பிளக். நாலாவதில் புது பிளக். இனிமேல் எல்லா வண்டிக்கும் இது ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது. அதன் தலைக்கு மேல் ‘முழு சப்போர்ட்’ என்று பச்சை எழுத்தில் ஒரு போர்டு. அந்தப் போர்டை நம்பித்தான் ஜெயஸ்ரீ புதன்கிழமை காலையில் மீனோடு வந்து மாட்டிக்கொண்டாள்.

பனையூர்க் குப்பத்துக்காரி. புருஷன் தாமோதரன் கடலுக்குப் போகிறவன். கரைக்கு வந்ததை விற்பது இவள் பாடு. தை மாசம் கரண்டு லோடு ஆட்டோ வாங்கப் போனபோது, பழைய பிளக் வண்டியே போதும், புதுசை நாலு பேர் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். இவள் கேட்கவில்லை. “அட்த்தவன் வாங்கட்டும்னு எல்லாரும் குந்திகினு இருந்தா எவன்தான் வாங்கறது?” என்று புது பிளக் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

படப்பையில் ஞானஜோதி அக்கா நடத்தும் மெஸ்ஸுக்குப் புதன்கிழமைதோறும் இவள் மீன்தான். ஒரகடத்து கம்பெனி ஆட்கள் மதியம் அந்த மீன் குழம்புக்கென்றே வருவார்கள். போன வாரம் லேட். இன்னொரு தரம் லேட்டானால் ஐஸ் பெட்டி மீன்காரனிடம் வாங்கிக்கொள்வேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அது போனால் வண்டி வாங்கியதற்கே அர்த்தமில்லை. பார்த்து, நேற்று ராத்திரியா குப்பத்தில் கரண்டு போக வேண்டும்? பாதி சார்ஜோடு கிளம்பி, வழியில் செம்பாக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள்.

பிளக் டக்கென்று போய் உட்கார்ந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘வண்டி ஏற்கப்படவில்லை.’ பிடுங்கி, முந்தானையால் துடைத்து, முத்தாலம்மனை வேண்டிக்கொண்டு மறுபடி செருகினாள். மறுபடியும் சிவப்பு.

பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். வில்பிரட் பேசுகிறேன் என்றான் ஒருத்தன், தேனொழுகும் குரலில்.

“சப்போர்ட் இருக்கு மேடம். பிளக் லெவல்ல இருக்கு. சார்ஜிங் அடுத்த ஸ்டேஜ்ல வரும்.”

“சொருகினா ஏறலன்னா அதுக்குப் பேரு இன்னா சப்போர்ட்டு? அப்பறம் இன்னாத்துக்குப்பா போர்டு வெச்சிகீற?”

அதற்கான சாப்ட்வேர் தயாராகத்தான் இருக்கிறதாம். ஆனால் இந்த மாதிரி வண்டிகள் ரோட்டில் கொஞ்சம் கூடட்டும் என்று காத்திருக்கிறார்களாம். வண்டி விற்றவனைக் கூப்பிட்டாள். வண்டியில் கோளாறே இல்லை, பெட்டிதான் சரியில்லை; நாலு இடத்தில் பெட்டி ஒழுங்கானால் நாங்களும் இன்னும் வண்டி விடுவோம் என்றான். நாசமாய்ப் போனவர்கள், இவன் வாயை அவனும் அவன் வாயை இவனும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் இவளுடைய ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

உருகின தண்ணீர் ஓடிப்போய் ஹார்டுவேர் கடை வாசலை நனைத்தது. சிட்டிபாபு கத்திக்கொண்டே வந்தார். அந்த மனை அவர் தாத்தா நெல் விளைத்த நிலம்; இப்போது சார்ஜர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். காலங்காத்தால கடை வாசலில் கவிச்சியா, வண்டியை எடு என்று குதித்தார். எடுத்தால் தாம்பரம் தாண்டாது என்று இவளும் குதித்தாள். பேச்சு தடித்து, ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சட்டென்று ஜெயஸ்ரீ குரலை இறக்கிக் கேட்டாள். “அண்ணா, இந்த நாலாவது பொட்டில இதுவரிக்கும் எந்த வண்டியாவது ஏறிச்சா?”

அவர் விழித்தார். “இல்ல. நீதான் மொதல்ல வந்துகீற.”

“அப்ப நான் போணி. உன் கடைல போணிக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவியா நீ?”

காலையில் முதலில் வருகிறவன் ஒரு ஆணி கேட்டால்கூட, நஷ்டத்துக்காவது கொடுத்தனுப்புகிற மனுஷன் சிட்டிபாபு. ஜெயஸ்ரீயின் போனைப் பிடுங்கி வில்பிரட்டைக் கூப்பிட்டுத் தானே பேசினார். ஒரு வண்டிக்காக சாப்ட்வேர் மாற்ற முடியாது சார், பத்து வண்டியாவது வரட்டும் என்றான் அவன். அவ்வளவுதான், சிட்டிபாபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டி வைக்க இடம் கேட்டு வந்தபோது வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் என்று சொன்னவனும் இதே கம்பெனிக்காரன்தான்.

“மொத வண்டியத் தொரத்திட்டா பத்தாவது வண்டி எங்கேர்ந்துடா வரும்?” என்று கேட்டவர், விறுவிறுவென்று கடைக்குள் போய்ப் பெட்டிகளுக்குப் போகும் மெயினை இறக்கிவிட்டார்.

பழைய பிளக்கில் ஏறிக்கொண்டிருந்த மூன்று கார்களும் நின்றன. கார்க்காரர்கள் இறங்கி ஆளுக்கொரு பக்கம் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். பெரிய மேனேஜரே சிட்டிபாபுவைக் கூப்பிட்டு மெயினைப் போடச் சொல்லிக் கெஞ்சினார். இந்த வண்டிக்கும் ஏற்றித் தருவதாக ஒத்துக்கொண்டால்தான் போடுவேன் என்றார் இவர்; ஒத்துக்கொண்டார். போட்டதும் நாலாவது பெட்டி அணைந்து எரிந்தது. ஜெயஸ்ரீ செருகினாள். பச்சை.

“இங்க இருந்தே அப்டேட் அனுப்பிட்டோம் மேடம்” என்றான் வில்பிரட், பெருமையாக.

“குந்தின எடத்துலேர்ந்தா?”

“ஆமா மேடம்.”

ஒருத்தன் எழுந்து வரக்கூட வேண்டியிருக்கவில்லை. இதற்கா இத்தனை நேரம் நாயாய்க் கத்தினோம் என்றிருந்தது அவளுக்கு. அவனை என்ன சொல்லித் திட்டுவதென்று யோசிக்கும்போதே ஞானஜோதி அக்காவின் போன் வந்தது. ஐஸ் பெட்டி மீன் வந்து இறங்கியாச்சு, குழம்பும் கொதிக்கிறது, இனி புதன்கிழமைகளில் நீ வர வேண்டாம்மா என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வீடு திரும்பும் அளவுக்கு ஏறியதும் ஜெயஸ்ரீ பிளக்கை உருவி வண்டியை ஓரம் கட்டினாள். அந்த இடத்தில் அதே மாதிரி புது பிளக் ஆட்டோ ஒன்று வந்து நின்றது, தண்ணீர் கேன் லோடோடு. ஓட்டி வந்தவன் இறங்கினான், செருகினான், பச்சை எரிந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே இவளைப் பார்த்துச் சிரித்தான்.

“புது பிளக்கு பேஜாரு, வாங்காத வாங்காதன்னு சும்மா பயமுறுத்திகினு இருந்தானுங்கக்கா. எவ்ளோ ஈஸியா கீது பாரு.”

ஜெயஸ்ரீ மீன் பெட்டியைத் திறந்தாள். மேலே கிடந்த வஞ்சிரத்தின் கண் வெளுத்திருந்தது. அதை வாலைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“நீ ரெண்டாவது ஆளுடா தம்பி, அதான் ஈஸியா கீது. மொத ஆளு இத்தோட சேந்து நாறிகினு நிக்கிறா, பார்த்துக்கோ.”